மகெல்லன் மேகங்களின் ஓரம் தேடி: தொலோலோ மலைக் குறிப்புகள்

திங்கள், லா செரீனா

சிலி நாட்டின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து லா செரீனாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். வடக்கே போகிற விமானம் என்பதால் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆண்டீஸ் மலைத்தொடர் கூடவே வரும். இறங்கும்போது ஊரே தெரியவில்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. இந்தக் கரையோரப் பனிக்கு இங்கே கமஞ்சாகா என்று பெயர். வானம் பார்க்க வந்த ஆளுக்கு இதைக் கண்டதும் வயிற்றைக் கலக்கும். ஆனால் இந்தப் பனி நமக்குச் சாதகமானது. தென்துருவப் பக்கமிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடற்கரைக் காற்றைக் குளிர வைக்கிறது. மேலே இருக்கும் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் அழுத்துவதால் பனி தாழ்வாகவே தங்கிவிடும். உள்ளே தள்ளி, 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கும், வானாய்வகம் இருக்கும் தொலோலோ மலைக்கு அது எட்டாது. ஊர் விளக்குகளின் வெளிச்சத்தையும் பல இரவுகளில் இதுவே மறைத்துவிடுகிறது.

எதற்காக இவ்வளவு தூரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பால்வழிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி கேலக்ஸிகள் இருக்கின்றன. பெரிய மகெல்லன் மேகம் சுமார் 1,60,000 ஒளியாண்டு தூரம், சிறிய மகெல்லன் மேகம் சுமார் 2,00,000 ஒளியாண்டு. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன, ஒன்றை ஒன்று இழுத்து உருக்குலைக்கின்றன. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும் அளவுக்கு நெருங்கின. அப்போது மையத்துக்கும் மையத்துக்கும் இடையே ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு இடைவெளிதான் இருந்ததாக, ஹபிள், கயா தொலைநோக்கிகள் அளந்த வேகங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த இழுபறியில் வெளியே சிதறிய நட்சத்திரங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று வரைபடம் போடுவதுதான் எங்கள் வேலை. நடுப்பகுதியை நூறு வருடமாகப் பார்த்தாகிவிட்டது. எங்களுக்கு வேண்டியது ஓரம்.

செவ்வாய், மலைக்கு

காலையில் வண்டி எல்கி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே கிழக்கே போனது. பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் பச்சை, திராட்சைத் தோட்டங்கள். அதற்கு மேலே இருபுறமும் மொட்டைப் பழுப்பு மலை. பச்சையும் பழுப்பும் கோடு கிழித்ததுபோல் பிரிகின்றன. தண்ணீர் எட்டும் இடம் வரை பச்சை, அதற்கு மேல் பாலை. பிரதான சாலையிலிருந்து திரும்பியதும் வாசலில் பெயர் சரிபார்த்தார்கள். அப்புறம் சரளைக்கல் பாதை, வளைந்து வளைந்து ஏற்றம். அகவே மாதிரி முட்செடிகளும் தூண் கள்ளிகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

உச்சியில் பெரிய டோம்தான் விக்தர் பிளாங்கோ தொலைநோக்கி. 4 மீட்டர் ஆடி. 1976 முதல் இயங்குகிறது. இந்த ஆய்வகத்தை நீண்ட காலம் நடத்திய போர்ட்டோ ரிக்கோ வானியலாளரின் பெயரை 1995இல் இதற்கு வைத்தார்கள். தென்கிழக்கே பார்த்தால் செர்ரோ பச்சோன் மலை. அதன் முகட்டில் ஜெமினி சவுத், சோர் தொலைநோக்கிகளும் வேரா ரூபின் ஆய்வகமும் தெரிந்தன. ரூபினின் முதல் படங்கள் 2025 ஜூனில் வெளியாயின. அதைப் பற்றி அப்புறம்.

அறைக்குள் கறுப்புத் திரை. பகலில் தூங்குவதற்காகவும், இரவில் உள்ளிருக்கும் வெளிச்சம் வெளியே போகாமல் இருப்பதற்காகவும். இருட்டிய பின் மலைமேல் வண்டி ஓட்டுவோர் பெரிய விளக்கைப் போடக்கூடாது. பார்க்கிங் விளக்கோடு ஊர்ந்து போக வேண்டியதுதான்.

மாலை டோம் பக்கம் நடந்தபோது பாறைமேல் ஒரு விஸ்காச்சா உட்கார்ந்திருந்தது. முயல் போன்ற உடம்பு, நீளமாகச் சுருண்ட வால், பாதி மூடிய கண், தொங்கும் மீசை. முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு மேற்கே சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனதை அது பொருட்படுத்தவே இல்லை. ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: சூரியன் மறையும் நேரம் இவை வந்து அமர்ந்துவிடும். கண்ணால் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

புதன், கன்ட்ரோல் ரூம்

மதியமே வேலை தொடங்கிவிடுகிறது. டோமுக்குள் இருக்கும் வெள்ளைத் திரையில் விளக்கடித்து ஒவ்வொரு ஃபில்டருக்கும் படம் எடுக்க வேண்டும். கேமராவின் எந்தப் பகுதி எவ்வளவு உணர்கிறது என்று அதிலிருந்துதான் தெரியும். மங்கலான ஓரத்தைத் தேடுகிறவர்கள் இதில் சோம்பல் காட்டவே கூடாது. அரை சதவீதம் தவறினாலும் இல்லாத நட்சத்திர நீரோடை வரைபடத்தில் முளைத்துவிடும்.

இந்தத் தொலைநோக்கியை எங்களுக்கு அவசியமாக்குவது டெகாம் கேமரா. 570 மெகாபிக்சல், ஃபெர்மிலேபில் செய்தது, 2012 செப்டம்பரில் முதல் படம். பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலை ஆராயத்தான் கட்டினார்கள். ஆனால் ஒரே படத்தில் 3 சதுர டிகிரி, அதாவது சுமார் 15 முழுநிலாப் பரப்பு விழும் கேமரா கிடைத்தால் மேகங்களைத் தேடுகிறவர்கள் சும்மா விடுவார்களா? டேவிட் நைடெவர் தலைமையில் ஸ்மாஷ் என்ற ஆய்வு 2013 தொடங்கி இதே கேமராவால் மேகங்களைச் சுற்றி 197 இடங்களைப் படம் எடுத்தது. சுமார் 36 கோடிப் பொருள்களின் பட்டியல் அதிலிருந்து வந்தது. ஒரு படத்தில் விழும் வான்பகுதியைக் கட்டம் என்போம். எங்கள் கட்டங்களில் பல அதன் இடைவெளிகளை நிரப்புபவை.

நவம்பர் கடைசியில் வானம் முழுசாக இருட்ட இரவு 10 மணி ஆகிறது. அந்த நேரத்தில் சிறிய மேகம் உச்சத்துக்கு வந்துவிடும். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மேகங்களையும் இணைக்கும் வாயுப் பாலப் பகுதி, 3 மணி வாக்கில் பெரிய மேகம். ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி வருவதால் இந்த மாதத்துக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள். அதிலும் அமாவாசையை ஒட்டிய வாரம்.

முதல் எக்ஸ்போஷர் முடிந்ததும் திரையில் படம் வந்தது. 62 சிப்களும் சேர்ந்து ஓர் அறுகோணம்; நடுநடுவே மெல்லிய கறுப்பு இடைவெளிகள். சிறிய மேகத்தின் மையத்திலிருந்து நான்கைந்து டிகிரி கிழக்கே தள்ளிய கட்டம் அது. பார்த்தால் ஒன்றுமே இல்லை. பால்வழியின் முன்பக்க நட்சத்திரங்கள் சில, ஒன்றிரண்டில் கூர்மையான ஒளிக்கோடுகள், அங்கங்கே மங்கலான பின்புல கேலக்ஸிகள். ஒரு சிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்பு வெறுமையாகத் தெரிந்த இடத்தில் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அவற்றில் ஒரு பங்குதான் நாங்கள் தேடி வந்தவை.

எது நம் நட்சத்திரம் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒளியையும் அளந்து வரைபடத்தில் குறித்தால், ஒரே தூரத்தில் இருக்கும் பழைய நட்சத்திரங்கள் குறிப்பிட்ட வடிவத்தில் வந்து விழும். அதில் ஓர் இடத்தில் சிவப்பு நட்சத்திரங்கள் கொத்தாகக் கூடி நிற்கும். மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் நடுவயது, முதுவயது நட்சத்திரங்கள் அவை. அவற்றின் உண்மையான ஒளி ஏறக்குறைய ஒன்றே. ஆகவே எவ்வளவு மங்கலாகத் தெரிகிறதோ அதிலிருந்து தூரம் கிடைக்கிறது.

சிறிய மேகத்தின் கிழக்குப் பக்கத்தில் இந்தக் கொத்து ஒன்றாக இல்லை, இரண்டாக நிற்கிறது. 2013இல் நைடெவர் குழு இதைக் கண்டது: ஒரு கூட்டம் சுமார் 1,80,000 ஒளியாண்டில், இன்னொன்று சுமார் 2,20,000 ஒளியாண்டில். ஒரே திசையில் பார்க்கும்போது முன்னும் பின்னுமாக 40,000 ஒளியாண்டு விலகிய இரு கூட்டம். 2021இல் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவன ஆய்வாளர்கள் கயா தரவை வைத்து, முன்னால் நிற்கும் கூட்டம் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டினார்கள். பெரிய மேகம் இழுத்ததில் சிறியதிலிருந்து பிய்ந்து முன்னே வந்தவை அவை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா? இன்றைய கட்டங்கள் அந்தக் கூட்டத்தின் விளிம்பைப் பிடிக்கத்தான்.

வியாழன், வெறுங்கண்

இரவு ஒரு மணிக்கு மேல், நீண்ட எக்ஸ்போஷர்களின் வரிசை ஓடத் தொடங்கியதும் வெளியே போனேன். கண் பழகப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு தெற்கே இரண்டு மேகங்களும், பால்வழியிலிருந்து கிழித்துப் போட்ட துண்டுகளாக, அசையாமல் நின்றன. படங்களில் எத்தனையோ முறை பார்த்தவைதான். நேரில் நின்று பார்க்கும்போது இவை வேறு கேலக்ஸிகள், நம்முடையவை அல்ல என்ற நினைப்பு உடம்பில் ஏறுகிறது.

வடக்கே திரும்பினால் ஒரையன் தலைகீழாகத் தொங்குகிறது. திருவாதிரை கீழே, ரைஜல் மேலே. தென்கிழக்கில் அகத்திய நட்சத்திரம், கனோபஸ். நம் ஊரில் தை, மாசி மாதங்களில் தெற்குவானத்தில் தாழ்வாகப் பளிச்சென்று தெரியுமே, அதேதான். இங்கே உயர ஏறிக்கொண்டிருந்தது.

இதை நம் ஊர்க்காரர்களுக்காகவே எழுதுகிறேன். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகத்திலிருந்து பார்த்தால் பெரிய மேகம் அதிகபட்சம் அடிவானத்துக்கு 8 டிகிரி மேலே ஏறும். தூசியும் ஈரமும் மண்டிய அந்த உயரத்தில் அதைப் பார்ப்பது அரிது. ஆனால் மேகம் என்று கண்ணுக்குத் தெரிவது அதன் நடுப்பகுதி மட்டுமே. ஸ்மாஷ் ஆய்வு மையத்திலிருந்து சுமார் 21 டிகிரி தள்ளிக்கூடப் பெரிய மேகத்தின் நட்சத்திரங்களைக் கண்டிருக்கிறது. அகத்தியர் மையத்திலிருந்து 18 டிகிரிதான் தள்ளி நிற்கிறார். அதாவது சென்னையிலோ மதுரையிலோ மொட்டைமாடியில் நின்று அகத்திய நட்சத்திரத்தைப் பார்க்கும்போது, 310 ஒளியாண்டில் இருக்கும் அதற்குப் பின்னால், அதைவிட ஐந்நூறு மடங்கு தொலைவில், பெரிய மேகத்தின் ஓரம் பரவுகிற வான்பரப்பையும் சேர்த்தே பார்க்கிறோம். கண்ணுக்குப் புலப்படாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. சிறிய மேகமும் பெரியதன் மையத்திலிருந்து கிட்டத்தட்ட அதே 21 டிகிரியில்தான் இருக்கிறது. வரைபடத்தில் இரண்டையும் தனித்தனி வட்டமாகப் போடுவது வசதிக்காக. வானத்தில் அவற்றின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. ஒரு நட்சத்திரத்தைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால், தூரமும் வேகமும் இரண்டும் கையில் இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

வெள்ளி, டோம் மூடிய இரவு

மதியம் முதலே மேலே மெல்லிய மேகம். ராத்திரி காற்றும் சேர்ந்துகொண்டது. தொலைநோக்கியை இயக்குபவர் அளவுகளைப் பார்த்துவிட்டு டோமை மூடினார். இதில் அவர் சொல்வதே முடிவு. நாங்கள் கெஞ்சவும் இல்லை. டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது கூட வந்த மாணவர் கேட்ட கேள்விதான் இந்தப் பயணத்தில் நான் எழுத நினைத்ததற்கெல்லாம் அடிப்படை: "சார், மோதினது நடுவுல. ஓரத்துல எதுக்குத் தேடணும்?"

நடுப்பகுதி சீக்கிரம் மறந்துவிடும், அதனால்தான். பெரிய மேகத்தின் மையத்துக்கு அருகே ஒரு நட்சத்திரம் சுற்றிவரச் சில கோடி ஆண்டுகளிலிருந்து பத்துக் கோடி ஆண்டு வரை போதும். என்ன குழப்பம் நடந்தாலும் சில சுற்றுகளில் கலந்து சமமாகிவிடும். மையத்திலிருந்து 33,000 ஒளியாண்டு தள்ளிப் போனால் ஒரு சுற்றுக்குச் சுமார் 70 கோடி ஆண்டு. 15 கோடி ஆண்டுக்கு முன் பட்ட அடி அங்கே கால் சுற்றுகூடத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய சந்திப்புகளின் தடங்களும் மிச்சம் இருக்கும். பெருக்கிய முற்றத்தின் நடுவில் ஒன்றும் மிஞ்சாது, நேற்றைய கோலப்பொடியை மூலையில்தான் தேட வேண்டும்.

நடுவில் இளம் நட்சத்திரங்களின் வெளிச்சமும் கண்ணை மறைக்கும். பாலத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மேகங்களுக்கும் இடையே ஹைட்ரஜன் வாயுப் பாலம் ஒன்று இருப்பது 1963இல் தெரிந்தது. 1980களில் அதில் இளம் நட்சத்திரங்களையும் கண்டார்கள். ஆனால் இளசுகள் இழுபறிக்குச் சாட்சி சொல்லாது. இழுக்கப்பட்டு வந்த வாயுவில் அங்கேயே பிறந்தவையாக இருக்கலாம். பல நூறு கோடி ஆண்டு வயதுள்ள ஒரு நட்சத்திரம் பாலத்தில் நின்றால் கதை வேறு. அது பிறந்த இடம் அதுவல்ல, யாரோ அதை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் பழைய நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறோம்.

வால்போல் பின்னால் நீளும் மகெல்லன் ஓடை இதில் ஒரு தீராத புதிர். 1974இல் கண்டுபிடித்த அந்த வாயு ஓடை, முன்பக்கக் கிளையையும் சேர்த்தால் வானில் 200 டிகிரி நீளம். இவ்வளவு வாயு வெளியேறியிருக்கிறது, கூடவே நட்சத்திரங்களும் வந்திருக்க வேண்டாமா? ஐம்பது வருடத் தேடலில் தேறியவை மிகக் கொஞ்சம். 2023இல் தொலைதூரச் செம்பெரு நட்சத்திரங்கள் 13 ஓடையோடு சேர்ந்தவை என்று ஓர் ஆய்வு காட்டியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்தக் கட்டுரை வந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பேசிக்கொண்டே இருந்ததில் விடிந்துவிட்டது. டோம் திறக்கவே இல்லை.

சனி, வடக்கு வளைவும் தெற்குக் கொக்கிகளும்

சனிக்கிழமை பகலில் பொதுமக்கள் மலைக்கு வருவார்கள். லா செரீனாவிலிருந்து வந்த குடும்பங்கள் டோமுக்குள் அண்ணாந்து பார்த்தபடி நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

இரவு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. காற்றின் நடுக்கம் ஒரு ஆர்க்செகண்டுக்கும் (டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) கீழே. எங்கள் வேலைக்கு இது உயிர்நாடி. இவ்வளவு மங்கலாகப் போனால் நட்சத்திரங்களைவிடப் பின்புல கேலக்ஸிகள்தான் அதிகம். நடுக்கம் கூடினால் நட்சத்திரமும் பூசினாற்போல் பரவிவிடும், தொலைதூர கேலக்ஸி எளிதாக நட்சத்திர வேடம் போட்டுக்கொள்ளும். வானம் தெளிவாக இருந்தால் அதன் பூசினாற்போன்ற ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சிறிய மேகத்தின் மிச்சக் கட்டங்களை வேகமாக முடித்துவிட்டுப் பெரிய மேகத்துக்குப் போனோம். அதன் வடக்கே மையத்திலிருந்து 40,000 ஒளியாண்டுக்கும் மேல் தள்ளி ஒரு நட்சத்திர வளைவு நீண்டு கிடக்கிறது. 2016இல் டவ்கல் மெக்கி குழு இதே டெகாம் படங்களில் அதைக் கண்டது. பிறகு தெற்கிலும் கொக்கி போன்ற வளைவுகள் வந்தன, கயா தரவில் இன்னும் நீளமான மெல்லிய கைகளும் தெரிந்தன. தட்டையாகச் சுழல வேண்டிய பெரிய மேகத்தின் நட்சத்திரத் தட்டு தென்மேற்கில் வளைந்து மடங்கியிருப்பதையும் ஸ்மாஷ் காட்டியது. இதையெல்லாம் செய்தது யார்? பால்வழியின் இழுவையா, சிறிய மேகத்தின் திரும்பத் திரும்ப வந்த மோதல்களா? வடக்கு வளைவுக்கு இரண்டு விடைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: பால்வழி மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு ஒருபக்கச் சாய்வு வராது. மேகங்கள் நம் பக்கம் வந்தது பெரும்பாலும் இதுவே முதல் முறை என்று வேக அளவுகள் சொல்கின்றன. நம்மிடம் வருவதற்கு வெகு முன்பே இவை ஒன்றோடொன்று மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டன. 2022இல் ஸ்மாஷ் தரவில் இரண்டு மேகங்களின் நட்சத்திரப் பிறப்பு வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கடந்த 350 கோடி ஆண்டுகளாக இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவது தெரிந்தது. ஒன்றில் நட்சத்திரம் பெருகும்போது மற்றதிலும் பெருகுகிறது. வெளியாள் வந்து கலைத்ததைவிட வீட்டுக்குள் நடந்த இழுபறிக்கே இது பொருந்துகிறது.

4 மணிக்கு அகத்தியர் உச்சத்தில். அந்தப் பக்கக் கட்டத்தை அவருடைய ஒளிச்சிதறல் படாமல் விலக்கித்தான் வைத்திருந்தோம். ஐந்து மணிக்குக் கிழக்கு வெளுத்ததும் வரிசையில் கடைசிக் கட்டம் முடிந்தது.

ஞாயிறு, இறக்கம்

மலையிலிருந்து இறங்கும்போது கீழே பள்ளத்தாக்கில் மீண்டும் மூடுபனி. இந்த வட்டாரம், மலைகளும் சேர்த்து, 2015 முதல் கபிரியேலா மிஸ்த்ரால் பெயரில் இருள்வான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நோபல் பரிசு பெற்ற அந்தக் கவிஞர் இதே எல்கி பள்ளத்தாக்கில், விக்கூன்யாவில் பிறந்தவர். அப்படியிருந்தும் கடற்கரை ஊர்களின் வெளிச்சம் ஆண்டுக்காண்டு கூடுகிறது. அடிவானத்தில் மஞ்சள் கறை இப்போதே படத்தில் தெரிகிறது. இருட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கும் நாடு இது. அந்தச் சட்டத்தை விடாமல் அமல்படுத்த வேண்டும் என்று இங்கே வந்துபோகும் ஒவ்வொருவரும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ரூபினைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல், தெற்குவானம் முழுவதையும் 10 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகிறது. நாங்கள் கட்டம் கட்டமாகப் பொறுக்கியதை அது ஓட்டை இல்லாத ஒரே விரிப்பாகத் தரும். அப்படியானால் இப்போது ஏன் இந்தப் பாடு என்று மாணவர் வண்டியில் கேட்டார். நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று படம் சொல்லும். அது எங்கே போகிறது என்று சொல்ல நிறமாலை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு, வேண்டும். நிறமாலை எடுக்கும் கருவிகளுக்கு இன்றே இலக்குப் பட்டியல் கொடுத்தாக வேண்டும். வேகம் தெரியாமல் பால்வழியா சின்ன மேகமா என்ற வழக்கு தீராது.

லா செரீனா அலுவலகத்தில் படங்களைச் சுத்தம் செய்யும் நிரலை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் சூப்பு ஆறுவதற்குள் கிழக்குக் கட்டத்தின் முதல் வரைபடம் மடிக்கணினியில் வந்துவிட்டது. சிவப்புக் கொத்து இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது. ஆனால் வெளியே போகப் போக முன்கூட்டம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகத் தேய்கிறது, கட்டத்தின் விளிம்பிலும் முடியவில்லை. அளவுத்திருத்தம் முழுசாக முடிந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். அடுத்த பருவத்துக்கான விண்ணப்பத்தில் அதற்கும் கிழக்கே இருக்கும் கட்டங்களை முதல் வரியில் போடச் சொல்லி மாணவரிடம் கொடுத்துவிட்டேன்.